ரங்கூன் சிறையும் ஒரு சாட்சிக் கடிதமும்

வாசகர் ஒருவர் எழுதியிருந்தது: "போர்க்களத்தில் கூட நின்றவனை மனுஷன் சாகும்வரை மறக்கமாட்டான், காதலித்தவளை மூன்றே வருஷத்தில் மறந்துவிடுவான். பல வருஷம் கழித்துச் சந்தித்துக் கண்ணீர் விடுவதெல்லாம் சினிமாவுக்குத்தான். நம்ம ராமநாதபுரம் பக்கம் நேதாஜி படையில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பார்களே, அவர்கள் வீட்டு ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் சொல்வது சரியா தப்பா?"

9 ஜனவரி 2024, இரவு

பாதி சரி.

என் அப்பா பர்மாவில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அவருடைய கூட்டாளி ஒருவர் 1945-ல் பிரிந்து 1973-ல் கிடைத்தார். ரங்கூனில் விட்டுவிட்டு வந்த பெண்ணும் அதே வருஷம் கிடைத்தார். இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தவள் நான், அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கூட்டாளி கிடைத்ததற்குக் காரணம் நீங்கள் சொல்கிற பாசம் இல்லை, ஓய்வூதியம். 1972 ஆகஸ்ட் 15-ல் மத்திய சர்க்கார் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு மாதம் 200 ரூபாய் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். சிறைச் சான்று கிடைக்காதவர்கள், கூட இருந்த கைதி ஒருவரிடம் எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த விதி மட்டும் இல்லையென்றால் அய்யாவும் அவர் கூட்டாளியும் ஒரே கடற்கரையில், பஸ்ஸில் போனால் அதிக நேரம் ஆகாத தூரத்தில், ஒருத்தரை ஒருத்தர் செத்துவிட்டதாக நினைத்தபடியே போய்ச் சேர்ந்திருப்பார்கள். காதலித்தவர்களுக்கு அப்படி ஒரு விதியை எந்த சர்க்காரும் போடவில்லை. அதுதான் வித்தியாசம் என்பது என் கட்சி. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

10 ஜனவரி

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில். முன்னால் கடல், பின்னால் பனை, அதுக்குப் பின்னால் கருவேலங்காடு. மழை பொய்த்தால் ஆண்பிள்ளைகள் கப்பல் ஏறுவார்கள், அது அந்தக் காலத்து வழக்கம். நாகப்பட்டினம் போனால் பினாங்கு, சென்னை போனால் ரங்கூன். அய்யா ரங்கூன் போனார், பதினேழு பதினெட்டு வயசில். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார்.

1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. அய்யா நடக்கவில்லை. மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருந்தாராம், அதை வாங்காமல் எப்படிக் கிளம்புவது என்று நின்றுவிட்டார். கூலியும் வரவில்லை.

1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து, அக்டோபர் 21-ல் ஆசாத் ஹிந்த், அதாவது சுதந்திர இந்தியா என்ற பெயரில் ஒரு சர்க்காரை அறிவித்து, அடுத்த ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்கே கொண்டுவந்துவிட்டார். அய்யா சேர்ந்தது அந்தச் சமயம். தேசபக்தியா சோறா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் ஒரே வரிசையிலதான் குடுத்தாங்க" என்றார்.

10 ஜனவரி, மறுபடியும்

நேதாஜி படை மணிப்பூரில் இம்பால் வரை போனதே, அங்கே சண்டை போட்டாரா என்று கேட்டவருக்கு: இல்லை. சரக்குப் பிரிவு. அரிசி, உப்பு, பருப்பு லாரியில் ஏற்றி அனுப்புவது. பட்டாளத்திலும் மூட்டைதான் தூக்கினார். துப்பாக்கி சுட்டது பயிற்சியில் மட்டும். 1944 ஜூலைக்குப் பிறகு இம்பாலிலிருந்து மலேரியாவும் வயிற்றுப்போக்குமாகத் திரும்பி வந்தவர்களை லாரியிலிருந்து இறக்கியதும் இவர்தான். "போறப்ப மூட்டையை ஏத்தினேன், வர்றப்ப ஆளை இறக்கினேன், மூட்டை கனமா இருந்துச்சு" என்பார். அதுக்கு மேல் அந்தப் பேச்சு நீளாது.

கூட்டாளி தொண்டிக்காரர். நான் அவரைத் தொண்டி மாமா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அய்யா அவரை மச்சான் என்பார், அவர் அய்யாவை மாப்ளே என்பார். எங்கள் கடலோரத்தில் இந்த மாமன் மச்சான் முறைக்கு மதம் கிடையாது, வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட வேண்டாம்.

11 ஜனவரி

அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். சரி.

ரங்கூனிலேயே பிறந்த தமிழ்ப் பெண். அவருடைய அப்பா ஒரு ஆலையில் கணக்கு எழுதினார். பெயர் சொல்ல மாட்டேன். நேதாஜி பெண்களுக்கென்று அமைத்த ஜான்சி ராணிப் படைக்குச் சிங்கப்பூரில் 1943 அக்டோபரில் முகாம் திறந்தார்கள், கேப்டன் லட்சுமி தலைமையில். பிறகு ரங்கூனிலும் முகாம் வந்தது. மலாயா தோட்டத்துப் பெண்கள்தான் அதிகம், ரங்கூன் பெண்களும் சேர்ந்தார்கள், இவர் அப்படிச் சேர்ந்தவர். முகாமுக்கு அரிசி இறக்கப் போன இடத்தில் பழக்கம். பழக்கம் என்றால் என்ன என்று நீங்கள் கற்பனை செய்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது. காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட பெண் மூட்டையை எண்ணிக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், இவர் வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் ஒரு மூட்டை குறைந்தபோது இவரைக் காட்டிக்கொடுக்காமல் சரியாக இருக்கிறது என்று எழுதினாராம். அதிலிருந்துதான் என்று தொண்டி மாமா சொல்வார். அய்யா மூட்டையே குறையவில்லை என்பார். இந்தத் தகராறு இரண்டு பேருக்கும் சாகிறவரை தீரவில்லை.

13 ஜனவரி

1945 ஏப்ரல் 24-ம் தேதி நேதாஜி ரங்கூனை விட்டு பாங்காக் பக்கம் கிளம்பினார். மலாயாவிலிருந்து வந்த ராணிப் படைப் பெண்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் மழையிலும் சேற்றிலும் இரவில் நடந்து, பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் ஒளிந்து போய்ச் சேர்ந்தார்கள். பர்மாவிலேயே குடும்பம் இருந்த பெண்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி இந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போய்விட்டார்.

அய்யாவும் தொண்டி மாமாவும் ரங்கூனிலேயே நிறுத்தப்பட்ட சில ஆயிரம் பேரில் இருந்தார்கள். ஜப்பான்காரன் போயாச்சு, வெள்ளைக்காரன் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் ஊரில் கொள்ளை நடக்காமல் பார்ப்பதுதான் இவர்கள் வேலை. மேஜர் ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் இருந்தார். மே 3-ல் பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. ஏப்ரல் 24-லிருந்து மே 3 வரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அய்யாவுக்குக் காவல் எங்கே தெரியுமா? அந்தப் பெண்ணின் தெருவில். அவர் கேட்டு வாங்கிக்கொண்டாரா தானாக அமைந்ததா என்று சொல்லவே மாட்டார்.

ஒன்பது நாளும் அந்தப் பெண் வெளியே வரவில்லை என்பது அய்யா சொன்னது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

13 ஜனவரி, இரவு

லோகநாதன் மலையாளியா என்று கேட்டவருக்கு: இல்லை. ஆற்காடு துரைசாமி லோகநாதன், நம் ஊர்க்காரர், டாக்டர். அந்தமானுக்கு ஆசாத் ஹிந்த் சர்க்காரின் தலைமை ஆணையராகப் போனவரும் அவரே.

15 ஜனவரி, பொங்கல்

பிறகு சிறை. ரங்கூன் மத்திய சிறை. அதே சிறையில்தான் சில நாள் முன்புவரை ஜப்பான்காரன் வெள்ளைக்காரக் கைதிகளை வைத்திருந்தான். காவலர்கள் ஓடிப்போனதும் அந்தக் கைதிகள், ஜப்பான்காரன் போய்விட்டான் என்று கூரையில் பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்தார்களாம், மேலே பறக்கிற தங்கள் விமானமே குண்டு போட்டுவிடக் கூடாதே என்று. கூரையில் எழுத்து அப்படியே இருக்க, உள்ளே நம் ஆட்களை அடைத்தார்கள்.

சிறையில் தொண்டி மாமாவுக்கு மலேரியா முற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. செத்துவிட்டார் என்று பக்கத்துக் கொட்டடியில் சொன்னார்கள், அய்யா நம்பினார். அவரைக் கப்பலில் கல்கத்தா கொண்டுவந்து வங்காளத்தில் ஒரு முகாமில் வைத்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்து விசாரித்தார்கள். நேதாஜி படை அதிகாரிகள் மேல் டில்லியில் போட்ட செங்கோட்டை வழக்கு நாடு முழுக்கப் பற்றி எரிந்த சமயம், அதனால் 1946-ல் சும்மா போ என்று விட்டுவிட்டார்கள். சம்பளப் பாக்கியும் கிடையாது, பட்டாளத்தில் இடமும் கிடையாது.

அந்தப் பக்கம் தொண்டி மாமா பிழைத்து எழுந்து விசாரித்தால், கப்பலில் போன உங்க ஆள் நடுக்கடலில் செத்துப்போனான், கடலில் போட்டுவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரோ செத்தது அது. மாமாவும் நம்பினார்.

சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கிறது, வருகிறேன்.

16 ஜனவரி

"ஊர் பெயர் தெரியாதா, போய் விசாரித்திருக்கலாமே" என்று கேட்டவருக்கு. அய்யா பட்டாளத்தில் ஊர் என்ற இடத்தில் ராமநாதபுரம் என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளைக்காரன் ஜெயித்துவிட்டால் வீட்டில் வந்து தாத்தாவைப் பிடிப்பான் என்று பயம். கூட்டாளியிடமும் அதையே சொன்னார், கடலோரம் என்று மட்டும் சேர்த்துச் சொன்னாராம். அன்றைய ராமநாதபுரம் ஜில்லா என்பது இன்றைக்கு இருக்கிற மாதிரி இல்லை, சிவகங்கை, காரைக்குடி, விருதுநகர், ராஜபாளையம் வரைக்கும் எல்லாம் ராமநாதபுரம்தான். கடலோரத்தை மட்டும் எடுத்தாலும் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் தாண்டிப் போகும். தொண்டிக்காரரைத் தேடி அய்யா போகவில்லையா என்றால், ஒருமுறை போனார், வீட்டைக் கண்டுபிடித்தார், அவர் உம்மாவிடம் உங்க மகன் செத்துட்டான் என்று சொல்ல வாய் வராமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அந்த அம்மா மகன் உயிரோடு இருப்பதாக எங்கிருந்தோ கடுதாசி வந்ததை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாராம், போலீஸ் விசாரிக்கிறதோ என்று சந்தேகம். இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மாமா பர்மாவிலேயே தங்கிவிட்டார், கடை வைத்தார், 1964 வரைக்கும்.

17 ஜனவரி

அய்யா ஏன் திரும்ப ரங்கூன் போகவில்லை? இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள், கொஞ்சம் கோபமாகவே கேட்கிறீர்கள்.

போகத்தான் இருந்தார். 1946-ல் கையில் காசு இல்லை, கருவாட்டு வண்டி ஓட்டிச் சேர்த்தார். காசு சேர்வதற்குள் 1947-ல் பர்மாவில் குடிவரவுச் சட்டம் வந்துவிட்டது, அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்க முடியாது. முன்னாலெல்லாம் ராமேஸ்வரம் போகிற மாதிரிக் கப்பல் ஏறிப் போன ஊர். 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திர நாடு, உடனே உள்நாட்டுச் சண்டை. நேதாஜி படையில் இருந்தேன் என்று எழுதினால் யார் சீட்டுக் கொடுப்பார்கள், எழுதாவிட்டால் ரங்கூனில் முன்பு என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. தாய்மாமன் மகள் வயசுக்கு வந்து காத்திருந்தாள். அதுதான் என் அம்மா.

நான் சின்ன வயசில் அய்யாவைக் கோழை என்று நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை, ஆனால் பெரிய தியாகம் என்றும் நினைக்கவில்லை. போர் பிரித்தது ஒன்பது நாள் தெருவிலும் ஒரு வருஷம் சிறையிலும்தான். மிச்சத்தைப் பிரித்தது சீட்டும் முத்திரையும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் சந்தைக்குப் போகிற மாதிரிப் போய்வந்த எங்கள் கரைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

18 ஜனவரி

மதுரைக்கு வருவோம். 1973, கோடை விடுமுறை. கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஓய்வூதிய மனு எழுத அய்யா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் மாதிரி கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், காசு மிச்சம் என்பது அய்யாவின் கணக்கு.

மனு எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் கொடுத்தவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஒரு பெட்டிக்காரர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு தொப்பிக்காரருக்குப் படிக்கிறார். "மேற்படி ரங்கூன் மத்திய சிறையில் என்னுடன் இருந்த" என்று ஆரம்பித்து அய்யாவின் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லி, "என்பவர் 1945-ம் ஆண்டு கப்பலில் காலமாகிவிட்டபடியால் சாட்சிக்கு வேறு நபர் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடித்தார்.

அய்யா கத்தினார், "யாருடா செத்தது?"

அந்தத் தொப்பிக்காரர் திரும்பினார். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான். தொண்டி மாமா அய்யாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனு எழுதுகிறவரிடம், "அந்த வரியை அடிச்சிருங்க" என்றார். பெட்டிக்காரர் இன்னொரு தாளுக்குக் காசு கேட்டார். அதுக்கு இரண்டு பேரும் சேர்ந்து அவரோடு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை முடிந்து டீக்கடைக்குப் போன பிறகுதான் மாமாவுக்குக் கை நடுங்கியது, கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, அய்யா பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

19 ஜனவரி

ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் எப்படி இருக்கும், கதை விடாதீர்கள் என்று ஒரு தம்பி. தம்பி, 1985-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரிக்கிறவரை அது மதுரையில்தான் இருந்தது. எங்கள் ஊர்க்காரன் ஒரு கையெழுத்துக்கு மதுரை போய் வந்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்.

20 ஜனவரி

இரண்டு கூட்டாளிகளும் அதுக்கப்புறம் மாதம் ஒருதரமாவது பார்த்துக்கொள்வார்கள். என்ன பேசுவார்கள் என்று காது கொடுத்துக் கேட்பேன். போரைப் பற்றி ஒன்றும் கிடையாது. சிறையில் கிடைத்த சோற்றில் எத்தனை கல், எந்தக் காவலன் பீடி கொடுப்பான், முகாமில் ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி படிக்க வைத்தபோது மாமா என்ன தப்பாகச் சொல்லி உதை வாங்கினார், இதுதான். திரும்பத் திரும்ப அதே கதை, அதே இடத்தில் சிரிப்பு. வாசகர் சொன்ன 'கூட நின்றவன் பாசம்' என்பது இப்படித்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அலுப்பாகவே இருக்கும். பாதியில் விட்ட பேச்சை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தார்கள், இடையில் போன வருஷங்களைப் பற்றி ஒருத்தரை ஒருத்தர் அதிகம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

23 ஜனவரி

இன்று நேதாஜி பிறந்தநாள். எங்கள் ஊர் டீக்கடையில் மாலை போட்டாயிற்று. ராமநாதபுரம் சீமையில் அவர் படம் இவ்வளவு இருப்பதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் காரணம். 1939 செப்டம்பரில் நேதாஜியை மதுரைக்குக் கூட்டிவந்தவர் அவர், நேதாஜி சாகவில்லை என்று மேடைகளில் சொன்னவரும் அவர். 1945 ஆகஸ்ட் 18 விமான விபத்தை அய்யா ஒத்துக்கொள்ளவே மாட்டார். "என்னையே கடல்ல போட்டதா எழுதினவங்கதானே" என்பார். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

25 ஜனவரி

பர்மாவில் 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும் கடை கண்ணி எல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் ஐம்பது, நூறு சியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பி வந்தார்கள். கொண்டுவர விட்டது சொற்பம், நகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. சென்னை பர்மா பஜாரும், ஊர் ஊருக்கு இருக்கும் பர்மா காலனிகளும் அப்படி வந்தவை. தொண்டி மாமா வந்து சேர்ந்த அந்த வருஷ மார்கழியில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, டிசம்பர் 22 ராத்திரி, பாசஞ்சர் ரயிலோடு சேர்த்து. "ஒரு ஊரை விட்டுட்டு வந்தா இங்க ஒரு ஊரையே காணோம்" என்பார்.

அந்தப் பெண்ணும் வந்திருந்தார், மாமாவுக்கு முன்பே தெரியும். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பர்மா காலனியில் இருந்தார். அதுவும் அப்போது ராமநாதபுரம் ஜில்லாதான். மாமா இதை அய்யாவிடம் மதுரை டீக்கடையிலேயே சொல்லவில்லை, சில மாதம் கழித்துத்தான் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ செத்துட்டேன்னு அது கிட்ட சொல்லி வச்சிருந்தேன், அதை முதல்ல சரி பண்ணணும்ல" என்றார்.

போனோம். மூன்று பேரும், மாமா, அய்யா, நான். அங்கேயும் நான் மனு எழுதத்தான்.

26 ஜனவரி

எனக்குப் பெரிய ஏமாற்றம் அந்தச் சந்திப்பு. பதினைந்து வயசில் நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. அவருடைய வீட்டுக்காரர் இருந்தார், நல்ல கலகலப்பான மனுஷர், பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். யார் என்று நான் எப்படிக் கூப்பிடுவது என்று முழித்தேன். அய்யா சொல்லவில்லை, மாமாதான் அவசரமாக "அத்தைன்னு கூப்பிடு" என்றார். அந்த அம்மா அய்யாவைப் பார்த்துச் சிரித்தார், அய்யா கூரையைப் பார்த்தார்.

ரேஷன் கார்டு, மறுவாழ்வுக் கடன், ரங்கூனில் யார் யார் செத்தார்கள், இதுதான் பேச்சு. தேங்காய்ப்பால் ஊற்றி நூடுல்ஸ் மாதிரி ஒன்று செய்து கொடுத்தார், முதல்முறை சாப்பிட்டேன்.

பிறகு மனு. அவருக்கும் ஓய்வூதியத்துக்கு எழுத வேண்டும், அவர் ராணிப் படையில் இருந்ததற்கு அய்யா சாட்சி. அய்யா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1944 முதல் இவரை நேரில் அறிவேன், முகாமில் பயிற்சி பெற்றதைப் பார்த்தேன், சரக்குக் கணக்கு இவர் பொறுப்பில் இருந்தது, கணக்கு எப்போதும் சரியாக இருந்தது. (மாமா இந்த இடத்தில் கனைத்தார்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். அய்யா தொடர்ந்தார்: "1945 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை இவர் வீடிருந்த தெருவில் நான் காவல் இருந்தேன். அந்த ஒன்பது நாளும் இவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்பதையும் அறிவேன்."

அந்த அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார், "ஒரு நாள் வந்தேன். நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்க."

அய்யா ஒன்றும் பேசவில்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அடிப்பதா வேண்டாமா? வீட்டுக்காரர்தான், "அடிச்சா மனு அசிங்கமாயிடும், இருக்கட்டும்மா" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வரியோடுதான் டில்லிக்குப் போனது.

28 ஜனவரி

கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். அய்யாவுக்கும் மாமாவுக்கும் வந்தது, ஒருவருக்கு மற்றவர் சாட்சி. அந்த அம்மாவுக்கு வரவில்லை, மனு திரும்பி வந்தது. சிறையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். எப்படி இருக்கும், அவரைச் சிறையில் போடவே இல்லையே, வீட்டுக்கு அனுப்பினார்கள். படையில் இருந்தது கணக்கில்லை, அடைபட்டதுதான் கணக்கு. மறுபடி எழுதலாம் என்று மாமா துடித்தார். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

30 ஜனவரி

அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? ஒருவர் கேட்டார், அதுவும் 'பாவம் உங்கள் அம்மா' என்று.

பாவம் எல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும், சொந்த அத்தை மகன், ஊரே பேசியது. நாங்கள் காலனியிலிருந்து திரும்பி வந்த ராத்திரி அம்மா கேட்டது "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சா?" அவ்வளவுதான். மனு திரும்பிய விஷயம் தெரிந்தபோது அய்யாவைவிட அம்மாவுக்குத்தான் கோபம். "உங்களுக்கு ஒழுங்கா சாட்சி சொல்லக்கூடத் தெரியலை" என்று வைதார். அந்த வருஷத்திலிருந்து சென்னாக்கூனியும் நெத்திலிக் கருவாடும் ஒரு பொட்டலம் கட்டித் தொண்டி மாமா கையில் கொடுத்தனுப்புவார், பர்மாக்காரர்கள் அதை இடித்து நாப்பி என்கிற மீன் விழுது மாதிரி வைத்துச் சாப்பிடுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தார். அங்கிருந்து அச்சாறு வரும். இரண்டு பெண்களும் நேரில் பார்த்துக்கொண்டது என் கல்யாணத்தில் மட்டும்தான், சமையல்கட்டில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். கதவுப் பக்கம் போனேன். மாவு அரைக்கிற மிஷின் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அய்யாவும் அந்த அம்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்களா என்றால், இல்லை. எழுத வேண்டியதைத் தொண்டி மாமா வாயால் சுமந்தார், அதில் பாதியை மாற்றியும் சொல்லியிருப்பார், அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

2 பிப்ரவரி

மண்டபம் முகாமிலிருந்து ஒருவர் தன் கதையை எழுதியிருக்கிறார், 83-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர், கூட இருந்தவர்களும் கைப்பிடிக்க இருந்த பெண்ணும் அந்தக் கரையில். அவர் கேட்டது, கடல் இவ்வளவு குறுகலாக இருந்தும் ஏன் தேட முடியவில்லை என்று. ஐயா, உங்கள் கதையில் ஆட்கள் உயிரோடு இருக்கலாம், இங்கே ஊர் பெயர், ஆள் பெயர் போடாதீர்கள். தொலைந்தவர்களைத் தேடிக் கொடுக்க செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒரு பிரிவே இருக்கிறது, அங்கே எழுதிக் கேளுங்கள்.

நேதாஜி படையில் இருந்த தாத்தாவின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு: டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 1997-ல் பாதுகாப்புத் துறை ஒப்படைத்த 990 கோப்புகள் இருக்கின்றன. பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், வெள்ளைக்காரன் தமிழ்ப் பெயரை எழுதிய லட்சணத்தில் அய்யா பெயரே மூன்று விதமாக வரும். ஜில்லா என்ற இடத்தில் ராமநாதபுரம் என்றிருந்தால் ராஜபாளையம் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம்.

6 பிப்ரவரி

சாட்சிக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறதா, படம் எடுத்துப் போட முடியுமா என்று ஏழெட்டுப் பேர். நகல் இருக்கிறது, கார்பன் வைத்து நான் எழுதியது. போட மாட்டேன். அந்த அம்மாவின் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டால் கொடுப்பேன். இதுவரை கேட்கவில்லை. முதலில் கேள்வி கேட்ட வாசகர் இன்னும் பாதி சரி என்றால் எந்தப் பாதி என்று விடாமல் கேட்கிறார், அவரே மேலே போய் ஒருதரம் படித்துக்கொள்ளட்டும், எனக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது.